ஆயிரங்கால் தூண்டிலில் ஆமையும் பறவையும் சுறாவும் மாட்டினால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்கும் வழி

கயிறு ஏற்றும்போது ஒரு கடலாமை வருகிறது. எல்லோரும் ஒரு நொடி நின்று பார்க்கிறார்கள். ஒருவர் கத்தியை எடுத்துக் கயிற்றை அறுக்கிறார், ஆமை போய்விடுகிறது, வேலை தொடர்கிறது. அறுத்த அந்த நொடியிலேயே, ஏன் மாட்டியது என்று சொல்லக்கூடிய தடயமும் சேர்ந்து கடலுக்குள் போய்விடுகிறது.

கண்காணிப்பாளராகச் சூரைப் படகுகளில் போய்வந்த அனுபவத்தில் சொல்கிறேன். மாட்டிய உயிரின் உடம்பில் முள் எங்கே இருக்கிறது, அது எந்த நிலையில் மேலே வருகிறது, மிதவையிலிருந்து எத்தனையாவது முள்ளில் வருகிறது என்று மூன்றையும் பார்த்தாலே கோளாறு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். இதைப் பார்க்காமல் யாரோ சொன்னார்கள் என்று முள்ளை மாற்றுவதும், இரையை மாற்றுவதும், இடத்தை மாற்றுவதும் காசையும் நேரத்தையும் தின்னும். பிறகு "எதுவும் வேலைக்கு ஆகவில்லை" என்று பழைய முறைக்கே போய்விடுவார்கள். அப்படிப் போன படகுகளைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

சொற்களை முதலில் ஒரே பொருளில் வைத்துக்கொள்வோம். ஆயிரங்கால் தூண்டில் என்பது ஒரே நீளக் கயிற்றில் ஏராளமான முட்களைத் தொங்கவிடும் முறை. கடலில் கிலோமீட்டர் கணக்கில் நீளமாகப் போவது தாய்க்கயிறு. அதிலிருந்து தொங்குவது கிளைக்கயிறு, அதன் நுனியில் முள். மிதவையைத் தாய்க்கயிற்றோடு கட்டுவது மிதவைக்கயிறு. இரண்டு மிதவைக்கு இடையில் உள்ள பகுதி ஒரு கூடை. கூடையின் நடுவில் தாய்க்கயிறு தொய்ந்து ஆழத்துக்குப் போகும், மிதவைக்குப் பக்கத்தில் மேலே இருக்கும். ஆகவே ஒரு கூடையில் முதல் முள்ளும் கடைசி முள்ளும்தான் மிக மேலே நிற்பவை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

எதையும் மாற்றும் முன்

ஏற்றும் இடத்தில், கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பலகையும் பென்சிலும் கட்டித் தொங்கவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் எழுதாது. ஒவ்வொரு தடவை வேண்டாத உயிர் வரும்போதும் ஒரே ஒரு வரி போதும்: என்ன உயிர், மிதவையிலிருந்து எத்தனையாவது முள், முள் எங்கே குத்தியிருக்கிறது, உயிரோடா இல்லையா, என்ன இரை. இனம் சரியாகத் தெரியாவிட்டால் போனில் ஒரு படம் எடுத்துவையுங்கள். பேராமையும் பங்குனி ஆமையும் அவசரத்தில் ஒன்றுபோலத் தெரியும்.

அறிகுறி: ஆமை முள்ளை விழுங்கி வருகிறது

வாய்க்குள் கயிறு போகிறது, முள் கண்ணுக்குத் தெரியவில்லை. தொண்டையிலோ குடலிலோ குத்தியிருக்கிறது. பெருந்தலை ஆமை, பங்குனி ஆமை போன்ற கெட்டி ஓடுள்ள ஆமைகளில் இது சகஜம். இவை இரையைத் தேடி வந்து கடித்துத் தின்பவை.

இங்கே காரணம் இரண்டு, இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். ஒன்று, ஆங்கில ஜே எழுத்துபோல் வளைந்த முள். அதன் கூர் மேல்நோக்கித் திறந்து நிற்பதால் விழுங்கிய இடத்திலேயே தைத்துவிடும். வட்ட முள்ளில் கூர் தண்டை நோக்கி உள்பக்கமாகத் திரும்பியிருக்கும். விழுங்கினாலும் கயிறு இழுபடும்போது வழுக்கி வந்து வாயோரத்தில் மாட்டும். 18/0 அளவுள்ள வட்ட முள் ஏறக்குறைய 5 செ.மீ. அகலம். சின்ன ஆமையின் வாய்க்குள் அது எளிதில் போகாது.

இரண்டாவது காரணம் கணவாய் இரை. கணவாய் ரப்பர்போல இழுபடும், பிய்ந்து வராது. ஆமை அதை முள்ளோடு சேர்த்து அப்படியே விழுங்கும். அயலை போன்ற மீன் இரை என்றால் ஆமை கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துத் தின்னும், முள் வெளியே நிற்கும்.

2001 முதல் 2003 வரை வடக்கு அட்லாண்டிக்கில் அமெரிக்க வாள்மீன் படகுகளில் இதைச் சோதித்தார்கள். 18/0 வட்ட முள்ளும் அயலை இரையும் சேர்ந்தபோது பெருந்தலை ஆமை மாட்டுவது ஏறக்குறைய 90 சதவீதமும், ஏழுவரி ஆமை மாட்டுவது 65 சதவீதமும் குறைந்தது. ஆமைப் பிரச்சினையால் மூடப்பட்டிருந்த ஹவாய் வாள்மீன் தூண்டில் தொழிலை 2004இல் திரும்பத் திறந்தபோது இதே ஜோடியைத்தான் கட்டாயமாக்கினார்கள்.

சரி, வட்ட முள் மாற்றியும் விழுங்கி வருகிறதா? முள்ளை ஒரு மேசைமேல் படுக்கவைத்துப் பாருங்கள். கூர் மேசையோடு படிகிறதா, பக்கவாட்டில் தூக்கி நிற்கிறதா? தூக்கி நின்றால் அது திருகிய முள். 10 பாகைக்கு மேல் திருகியிருந்தால் வட்ட முள்ளின் பயன் குறையும், அது ஜே முள்போலத் தைக்கக்கூடும். பெட்டியில் வட்ட முள் என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரு படகில் புத்தம் புதிய பெட்டியைத் திறந்து வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது பாதி முள் மேசையில் படியவே இல்லை. வாங்கியவர் அதுவரை கவனித்ததே கிடையாது.

அறிகுறி: முள் துடுப்பிலோ தோளிலோ குத்தியிருக்கிறது, கயிறு சுற்றியிருக்கிறது

இது பெரும்பாலும் ஏழுவரி ஆமை. சொறிமீனைத் தின்று வாழ்வது. இரையைக் கடிக்க வந்து மாட்டுவது குறைவு. கயிற்றில் உரசி, நீளமான முன்துடுப்பு சிக்கி, உதறும்போது முள் தோளில் ஏறிவிடும். வட்ட முள்ளில் கூர் உள்ளே திரும்பியிருப்பதால் இப்படி மேல்தோலில் குத்துவதும் குறையும். ஆனாலும் இங்கே முதலில் பார்க்க வேண்டியது கயிற்றைத்தான்.

மிதவைக்கயிறு பழைய, மென்மையான, முறுக்குக் கயிறா? தளர்ந்து கிடந்தால் அது துடுப்பைச் சுற்றிக்கொள்ளும். விறைப்பான தங்கூசி நரம்பு, அதாவது ஒற்றை நைலான் இழை, அவ்வளவு எளிதில் முடிச்சாகாது. மிதவைக்குப் பக்கத்தில் உபரிக் கயிறு சுருளாகத் தொங்குகிறதா என்றும் பாருங்கள். அதை வெட்டி அளவாக்குங்கள். மீனை ஈர்க்க ஒளிரும் குச்சி (ஒளிக்குச்சி) கட்டும் படகு என்றால், மிதவையை ஒட்டிய முட்களில் அதைத் தவிர்த்துப் பாருங்கள். பெருந்தலை ஆமைக் குட்டிகளைத் தொட்டியில் வைத்துச் செய்த சோதனைகளில் அவை ஒளிக்குச்சியை நோக்கி நீந்தின.

அறிகுறி: வருகிற ஆமைகள் எல்லாம் மிதவையை ஒட்டிய முட்களில்தான் வருகின்றன

பலகையில் எழுதிவைத்ததன் பலன் இங்கே தெரியும். ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களே திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு ஆழத்தில். ஆமைகள் நேரத்தின் பெரும்பகுதியை மேல்மட்டத்திலேயே கழிப்பவை. 100 மீட்டருக்குக் கீழே நிற்கும் முள்ளில் மாட்டுவது மிகக் குறைவு. பெருங்கண் சூரைக்குப் போகிறவர்கள் அந்த முதல் இரண்டு மூன்று முட்களை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம். அந்த இடத்தில் வெறும் கயிறு போகட்டும். பெருங்கண் சூரை எப்படியும் நடுவில்தான் கடிக்கும், ஆகவே பிடிப்பில் பெரிய இழப்பு வராது. வாள்மீனுக்குப் போகிறவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு மேல்மட்டம்தான் தொழிலே, அதனால் முள்ளும் இரையும்தான் அவர்களுக்கு வழி.

அறிகுறி: ஆமை இறந்து வருகிறது

ஆமைக்கு நுரையீரல்தான், செவுள் கிடையாது. மாட்டிய பிறகு மேலே வந்து மூச்சுவிட முடிந்தால் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். முடியாவிட்டால் மூழ்கிச் சாகும். மேல்மட்டத் தூண்டிலில் ஆமைகள் தொடர்ந்து இறந்து வந்தால் கிளைக்கயிற்றை அளந்து பாருங்கள். மிதவைக்கயிறு கிளைக்கயிற்றைவிட நீளமாக இருந்தால், மாட்டிய ஆமையால் நீர்மட்டத்தை எட்டவே முடியாது. இரண்டும் சேர்ந்து 100 மீட்டருக்குள் இருந்தால், கிளைக்கயிறு மிதவைக்கயிற்றைவிடக் குறைந்தது 10 சதவீதம் நீளமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்க அட்லாண்டிக் விதி சொல்கிறது. நாடா ஒன்று போதும், அரைமணி நேர வேலை.

ஆழத் தூண்டிலில் இந்த வழி உதவாது. அங்கே மாட்டும் ஆமை குறைவு, ஆனால் மாட்டியது பெரும்பாலும் இறந்துதான் வரும். மேலே சொன்ன முதல் மூன்று முட்களை விடுவது அங்கே இன்னும் முக்கியமாவது இதனால்தான்.

அறிகுறி: ஆமை அசையவில்லை, செத்துவிட்டதா என்று தெரியவில்லை

உடனே தூக்கிக் கடலில் போடாதீர்கள். மூழ்கி மயங்கிய ஆமை செத்ததுபோலவே கிடக்கும். அந்த நிலையில் கடலில் விட்டால் அப்படியே மூழ்கிவிடும்.

முதலில் மேலே கொண்டுவரும் விதம். கயிற்றைப் பிடித்துத் தூக்கக் கூடாது. முள் உள்ளே கிழிக்கும். படகின் வேகத்தைக் குறைத்து, கயிற்றில் அழுத்தம் இல்லாமல் மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து, பெரிய கைவலையில் ஏந்தி எடுங்கள். குத்தூசி (மீனைக் குத்தித் தூக்கும் கொக்கி) போடக் கூடாது. ஏழுவரி ஆமையைத் தூக்க முயலவே வேண்டாம். நூற்றுக்கணக்கான கிலோ எடை, தண்ணீரிலேயே வைத்து நீள்கைப்பிடி அறுப்பானால் கயிற்றை முள்ளுக்கு ஒட்டி அறுத்துவிடுங்கள்.

மேலே வந்த ஆமையை வயிறு கீழே இருக்கும்படி, இயல்பாக நிற்பதுபோல் வையுங்கள். பின்பக்கத்தை ஒரு டயர் மீதோ பலகை மீதோ குறைந்தது 15 செ.மீ. உயரமாக இருக்கும்படி தூக்கிவையுங்கள், நுரையீரலில் உள்ள நீர் வடியும். மல்லாக்கப் போட்டு மார்பை அழுத்துவது பழைய வழக்கம். அது கெடுதல், செய்யாதீர்கள். நிழலில் வைத்து, மூக்கை விட்டுவிட்டு உடம்பின் மேல் ஈரத்துணி போடுங்கள். தண்ணீர்த் தொட்டிக்குள் மட்டும் வைக்காதீர்கள். அவ்வப்போது கண்ணின் ஓரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள், சின்ன அசைவு தெரியும். 4 மணி நேரம் முதல் 24 மணி நேரம் வரை காத்திருக்கலாம்.

ஒரு பங்குனி ஆமை நினைவுக்கு வருகிறது. காலையில் டயர் மீது வைத்தது. மதியம் வரை கல்போலக் கிடந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து வாலைத் தொட்டபோது ஒரு பக்கமாகச் சுருட்டியது. அடுத்த ஒரு மணி நேரத்தில் முன்துடுப்பால் பலகையைத் தட்ட ஆரம்பித்தது. அன்று காலை அதைக் கடலில் வீசச் சொன்ன அதே ஆள்தான் மாலையில் அதை இரண்டு கையாலும் ஏந்தி இறக்கிவிட்டார்.

முள்ளை எடுப்பது பற்றி ஒரே விதி: கூரும் எதிர்முள்ளும் (கூருக்குக் கீழே எதிர்த்திசையில் நீட்டியிருக்கும் சிறுமுள்) கண்ணுக்குத் தெரிந்தால் எடுங்கள், தெரியாவிட்டால் விடுங்கள். துடுப்பிலோ வாயோரத்திலோ இருந்தால் கம்பி வெட்டியால் எதிர்முள்ளை நறுக்கிவிட்டு மீதியை வந்த வழியே இழுக்கலாம். தொண்டைக்குள் போய்விட்டால் கயிற்றை எட்டும் அளவுக்கு உள்ளே அறுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். நீளமான கயிற்றோடு விடுவதுதான் மோசம். விழுங்கிய கயிறு குடலைச் சுருக்கிக் கொல்லும்.

விடும்போது எஞ்சினை நியூட்ரலில் போட்டு, தூண்டில் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில், தலை முன்னால் போகும்படி இறக்குங்கள். ஆமை படகை விட்டு விலகும்வரை கியர் போடாதீர்கள்.

அறிகுறி: பறவை இறந்து, ஊறிப்போய் வருகிறது

அலகில் முள், இறகெல்லாம் தண்ணீர் ஊறி, உடம்பு விறைத்து வந்தால் அது தூண்டில் விடும்போது மாட்டியது. படகின் பின்முனையான பின்னணியத்திலிருந்து இரை விழுந்து, மூழ்குவதற்கு முன் சில நொடி மிதக்கிறது அல்லவா, அந்தச் சில நொடியில் கவ்வி, முள்ளோடு சேர்ந்து ஆழத்துக்கு இழுபட்டுப் போயிருக்கிறது.

தெற்குக் கடல்களில் இது பெரிய விஷயம். அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் இனங்கள் மொத்தம் 22. அவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில் இருப்பதற்குத் தூண்டில் ஒரு முக்கியக் காரணம். பேரலைகளின் மேல் 3 மீட்டருக்கும் அதிகமான சிறகு விரித்துத் திரியும் வாண்டரிங் அல்பட்ராஸ் இரண்டு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். தாயும் தந்தையும் மாறி மாறி இரை கொண்டுவந்தால்தான் குஞ்சு பிழைக்கும். முள்ளில் ஒன்று போனால் கூட்டில் இன்னொன்றும் போகிறது. இப்படி இனப்பெருக்கம் செய்யும் பறவையின் கூட்டம் ஆண்டுக்குச் சில சதவீத இழப்பைக்கூடத் தாங்காது.

அல்பட்ராஸ், பெட்ரல் பறவைகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் பரிந்துரைப்பது மூன்றையும் சேர்த்துச் செய்வது: கிளைக்கயிற்றில் ஈயம் கட்டுவது, இரவில் விடுவது, பறவை விரட்டும் கயிறு கட்டுவது. மூன்றில் எது உங்கள் படகில் பலவீனம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

ஈயம்: எவ்வளவு எடை என்பதோடு எவ்வளவு தூரத்தில் என்பதும் பாதி விஷயம். ஈயம் முள்ளிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி இருந்தால், முதலில் ஈயம் மட்டும் இறங்கும். இடையில் உள்ள கயிறு விறைத்த பிறகுதான் இரை இறங்க ஆரம்பிக்கும். அந்த இடைவெளிதான் பறவைக்குப் போதும். பரிந்துரை இதுதான்: முள்ளிலிருந்து அரை மீட்டருக்குள் என்றால் 40 கிராம், 1 மீட்டருக்குள் என்றால் 60 கிராம், 2 மீட்டருக்குள் என்றால் 80 கிராம். இதற்குக் குறையக் கூடாது. இரை உறைந்து கட்டியாக இருந்தாலும் மிதக்கும், ஆகவே நன்றாக இளகிய பிறகே மாட்டுங்கள்.

இரவு: மாலை இருட்டு முழுதாக விழுந்த பிறகு தொடங்கி, விடியல் வெளிச்சம் பரவும் முன் முடிக்க வேண்டும். முழுநிலவு நாளில் பறவை நன்றாகப் பார்க்கும். பின்னணியத்தில் எரியும் பெரிய விளக்கும் அதே வேலையைச் செய்யும். வேலைக்குத் தேவையான வெளிச்சத்தை மட்டும் மேல்தளத்தில் வைத்து, கடலை நோக்கிய விளக்கை அணையுங்கள்.

அறிகுறி: பறவை விரட்டும் கயிறு கட்டியும் பறவை மாட்டுகிறது

ஜப்பானியப் படகுகளில் பிறந்த யோசனை இது. பறவைக்கு ஜப்பானிய மொழியில் டோரி என்று பெயர், அதனால் டோரி கயிறு. பின்னணியத்தில் உயரமான கம்பத்திலிருந்து ஒரு கயிறு பின்னால் நீண்டு போகும், அதிலிருந்து வண்ண நாடாக்கள் தொங்கி ஆடும். பறவை அதைத் தாண்டி உள்ளே வரத் தயங்கும்.

இதைக் கட்டினோம் என்று பதிவேட்டில் எழுதிவிட்டால் போதும் என்ற நினைப்புதான் இங்கே முதல் கோளாறு. கயிற்றின் எந்தப் பகுதி காற்றில் நிற்கிறது என்று பாருங்கள். நீரில் கிடக்கும் பகுதிக்குப் பறவை பயப்படாது. 35 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலில் குறைந்தது 100 மீட்டரும், அதைவிடச் சிறிய படகில் 75 மீட்டரும் காற்றில் நிற்க வேண்டும். நிற்கவில்லையா? கம்பம் தாழ்வாக இருக்கும், அல்லது நுனியில் இழுவை போதாது. நுனியில் கட்டும் கூம்பையோ உபரிக் கயிற்றையோ அதிகமாக்கிப் பாருங்கள்.

அடுத்தது, பக்கக் காற்று. கயிறு ஒரு பக்கம் ஒதுங்கி, இரை இன்னொரு பக்கம் விழுகிறது. கம்பத்தைக் காற்று வரும் பக்கம் நகர்த்த வழி செய்யுங்கள், அல்லது இரண்டு பக்கமும் இரண்டு கயிறு கட்டுங்கள். இரையை வீசுபவர் எங்கே வீசுகிறார் என்பதையும் பின்னணியத்தில் நின்று பத்து நிமிடம் பாருங்கள். சுழலி நுரைக்குள் விழுந்த இரையை நுரை மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளும். நுரைக்கு வெளியே, ஆனால் கயிற்றின் நிழலுக்குள் விழ வேண்டும்.

மூன்றாவது, முங்கும் பறவைகள். வெண்தாடைப் பெட்ரல் 10 மீட்டருக்கும் கீழே முங்கி இரையைக் கவ்விக்கொண்டு மேலே வரும். மேலே காத்திருக்கும் அல்பட்ராஸ் அதைப் பிடுங்கி விழுங்கும். மாட்டியது அல்பட்ராஸ், காரணம் பெட்ரல். இப்படி முங்கும் பறவை உள்ள கடலில் ஈயத்தை முள்ளுக்கு இன்னும் நெருக்கமாகக் கொண்டுவருவது நல்லது. 10 மீட்டர் ஆழம் போகும்வரை முள்ளின் கூரை மூடிவைத்திருந்து, நீரழுத்தத்தில் தானே திறக்கும் கருவிகளும் உண்டு. முங்கும் பறவை அதிகம் உள்ள இடத்தில் அவை மிகப் பொருத்தம்.

அறிகுறி: பறவை உயிரோடு, சிறகிலோ அலகிலோ முள்ளோடு வருகிறது

இது ஏற்றும்போது மாட்டியது. மிச்ச இரையோடு மேலே வரும் முள்ளைக் கவ்வியிருக்கிறது. வெட்டிய மீன் குடலையும் பழைய இரையையும் ஏற்றும் பக்கமே கொட்டுகிறீர்களா என்று பாருங்கள். அதை ஏற்றி முடியும்வரை வைத்திருங்கள், முடியாவிட்டால் எதிர்ப்பக்கம் கொட்டுங்கள். பறவையைத் துணியால் போர்த்திப் பிடித்தால் அடங்கும். மூக்கை மூடிவிடாதீர்கள்.

அறிகுறி: சுறாக்கள் கூட்டமாக வருகின்றன

முள்ளுக்கு மேலே இருப்பது கம்பியா நரம்பா? கம்பி என்றால் காரணம் பெரும்பாலும் அதுதான். தங்கூசி நரம்பைச் சுறா கடித்து அறுத்துக்கொண்டு போய்விடும், கம்பியை அறுக்க முடியாது. மேற்கு, மத்திய பசிபிக் சூரை ஆணையம் 20 பாகை வடக்குக்கும் 20 பாகை தெற்குக்கும் இடையே 2024 முதல் கம்பியையும் சுறாக் கயிற்றையும் தடை செய்திருக்கிறது. சுறாக் கயிறு என்பது மிதவையிலிருந்தே நேராகத் தொங்கவிடும் முள். அது உங்கள் படகில் இருந்தால் இன்றே கழற்றுங்கள்.

நரம்புக்கு மாறும்போது ஆட்களின் பாதுகாப்பை மறந்துவிடாதீர்கள். பறவைக்காக முள்ளருகே ஈயம் கட்டியிருப்போம். சுறாவோடு விறைத்து நிற்கும் நரம்பு திடீரென்று அறுந்தால் ஈயம் தோட்டாவைப்போலத் திரும்பிவரும். இப்படி உயிர் போயிருக்கிறது. இறுக்கிக் கட்டிய ஈயத்துக்குப் பதிலாக, அறுந்தால் நரம்பில் வழுக்கி விலகும் ஈயம் போடுங்கள். ஏற்றுபவருக்குத் தலைக்கவசமும் முகமறைப்பும் கொடுங்கள். சுறாவை விடுவிக்க நல்ல முறை என்று சொல்லி ஆளைப் பலிகொடுக்கும் முறையை யாரும் பின்பற்ற மாட்டார்கள், பின்பற்றவும் கூடாது.

விடுவிப்பது தண்ணீரிலேயே நடக்கட்டும். நீள்கைப்பிடி அறுப்பானால் முள்ளுக்கு எவ்வளவு ஒட்டி முடியுமோ அவ்வளவு ஒட்டி அறுங்கள். வாலைப் பிடித்துத் தூக்குவது, செவுளில் கை விடுவது, குத்தூசி போடுவது, முள்ளை மீட்கத் தாடையை வெட்டுவது எதுவும் வேண்டாம். வெண்முனைத் துடுப்புச் சுறாவையும், உடம்பளவு நீண்ட வால் கொண்ட த்ரெஷர் சுறாக்களையும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தின் விதிப்படி படகில் வைத்திருக்கவே கூடாது. த்ரெஷர் வாலால் அடித்து இரை பிடிப்பது, அதனால் முள் வாலில் குத்தி, பின்னோக்கி இழுபட்டு வருவதைப் பார்க்கலாம். செவுளுக்கு நீரோட்டம் கிடைக்காமல் சீக்கிரம் சாகும், முதலில் அதை விடுவியுங்கள்.

அறிகுறி: கொம்புத் திருக்கை

தலையில் உள்ள கொம்பைப் பிடித்தோ செவுள் பிளவில் கொக்கி மாட்டியோ தூக்காதீர்கள். தண்ணீரிலேயே வைத்து அறுத்துவிடுவது போதும்.

அறிகுறி: மீனின் தலை மட்டும் வருகிறது

முள்ளில் சூரையின் தலை மட்டும் இருக்கிறது, செவுளுக்குப் பின்னால் உடம்பு கிழிந்து போயிருக்கிறது. சுறா தின்றால் பிறை வடிவத்தில், கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாகக் கடித்த தடம் இருக்கும். விளிம்பு பிய்ந்து, கந்தலாக, தலையை மட்டும் பத்திரமாக விட்டிருந்தால் அது பல்லுள்ள திமிங்கலம். பெரும்பாலும் ஃபால்ஸ் கில்லர் வேல், அல்லது பைலட் வேல். முள் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு தின்னும் அளவுக்கு அவை கெட்டிக்காரர்கள். ஒருநாள் தவறும்போதுதான் மாட்டும்.

ஆகவே தலை மட்டும் வரும் நாளை எச்சரிக்கை நாளாக எடுத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில் மறுநாளும் விட்டால் மீனும் போகும், விலங்கும் மாட்டும். பக்கத்துப் படகுகளுக்கு ரேடியோவில் சொல்லிவிட்டு, நன்றாகத் தள்ளிப்போய் விடுங்கள். அவை படகின் எஞ்சின் சத்தத்தையும் ஏற்றும் சத்தத்தையும் கேட்டு வந்து சேரும், சில மைல் நகர்வது பயன்தராது.

மாட்டிக்கொண்டால் பெரும்பாலானோர் பதறிக் கயிற்றை அறுக்கிறார்கள். நீளமான கயிற்றோடு போகும் விலங்கு பிழைப்பது கடினம். ஹவாய்ப் படகுகளில் இதற்கு வேறு வழி வைத்திருக்கிறார்கள். முள்ளின் கம்பி 4.5 மி.மீ. விட்டத்துக்கு மேல் போகக் கூடாது, கிளைக்கயிறு மட்டும் வலுவாக இருக்க வேண்டும். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் முள் நிமிர்ந்து, விலங்கு முள்ளே இல்லாமல் விடுபடும். சூரையின் எடைக்கு அந்த முள் நிமிராது. கிளைக்கயிறு பலவீனமாக இருந்தால் முள் நிமிரும் முன் கயிறு அறுந்துவிடும். முள்ளை மட்டும் மாற்றிவிட்டுக் கயிற்றை மாற்றாமல் விட்டால் இந்த முறை தோற்றுப்போகும்.

அறிகுறி: ஒன்று குறைந்தது, இன்னொன்று கூடியது

இது உண்மையாகவே நடக்கும். ஆமைக்காக ஆழத்தில் விட்டால், ஆழத்தில் திரியும் பெருங்கண் த்ரெஷர் கூடுதலாக வரலாம். வட்ட முள் போட்டால் சில இடங்களில் சுறா எண்ணிக்கை ஏறுகிறது. வாயோரத்தில் மாட்டுவதால் அது நரம்பைக் கடித்து அறுத்துப் போவது குறைகிறது. ஆனால் குடலில் குத்தாததால் உயிரோடு வருகிறது, விடுவித்தால் பிழைக்கும். எண்ணிக்கையை மட்டும் பார்த்து வட்ட முள்ளைத் தூக்கி எறிய வேண்டாம். எத்தனை உயிரோடு போயின என்ற வரியையும் பலகையில் பாருங்கள்.

அறிகுறி: மாற்றியும் வித்தியாசம் தெரியவில்லை

இரண்டு மாற்றத்தை ஒரே பயணத்தில் செய்தீர்களா? அப்படியென்றால் எது வேலை செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. முள்ளை மாற்றினால் இரையைப் பழையபடியே வையுங்கள். ஒரே தாய்க்கயிற்றில் ஒரு கூடை பழைய முள், அடுத்த கூடை புது முள் என்று மாற்றி மாற்றிக் கட்டினால் இடம், நாள், நீரின் வெப்பம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகிவிடும். சூரை எந்தக் கூடையில் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிடிப்பு குறையும் என்ற பயம் அந்த எண்ணைப் பார்த்தால்தான் போகும்.

அப்புறம், ஆமை மாட்டுவது அரிதான நிகழ்வு. பல்லாயிரம் முட்களுக்கு ஒன்றோ இரண்டோ வரும். புது முள் போட்ட பயணத்தில் ஒன்றும் வராததை வெற்றி என்றும், மூன்று வந்ததைத் தோல்வி என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு பருவம் முழுவதும் எழுதுங்கள். முடிந்தால் ஒரே துறைமுகத்தில் உள்ள நாலைந்து படகுகள் பலகைகளை ஒன்றாகச் சேர்த்துக் கூட்டுங்கள். ஒரு படகின் பலகையில் வெறும் கோடுகளாகத் தெரிவது, ஐந்து படகைச் சேர்த்துப் பார்த்தால் எந்த முள், எந்த ஆழம், எந்த மாதம் என்று தெரிந்துவிடும்.